பூனைக்கு வாட்டர் ஃபவுண்டன் வாங்கப் போகிறீர்களா? கழுவ வருமா என்று முதலில் பாருங்கள்

எங்கள் ஆண் பூனை கிட்டு வீட்டுக்கு வந்து மூன்றாவது வருடம் அது. மே மாதம், சென்னையில் அனல் பறக்கும் நாட்கள். மணல் தட்டுக்குள் போவான், உட்காருவான், முக்குவான், ஒன்றும் வராமல் வெளியே வருவான், ஐந்து நிமிடத்தில் மறுபடி போவான். மலச்சிக்கல் என்று நினைத்து அரை நாளை வீணாக்கிவிட்டோம். இரவில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் சிறுநீர்க் குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டு, மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி, எப்படியோ பிழைத்தான்.

ஆண் பூனை வளர்ப்பவர்கள் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். மணல் தட்டில் முக்குகிறது, சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை, கத்துகிறது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை இன்றைக்கே விசாரித்து, போன் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது முக்கியமாக ஒன்றுதான்: எப்படியாவது உடம்புக்குள் தண்ணீர் போக வேண்டும். அப்படித்தான் ஃபவுண்டன் பக்கம் வந்தோம், அதாவது தொட்டித் தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்து ஓடவிட்டுக்கொண்டே இருக்கும் குடிநீர்ப் பாத்திரம். இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறோம். முதலாவது ஒன்றரை மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது, இரண்டாவது நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பூனை ஏன் தண்ணீரைத் தேடிப் போவதில்லை

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பக்கத்து வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. எலி, பறவை என்று தின்னும் இரையிலேயே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருந்ததால், தனியாகக் குடிக்க வேண்டிய தேவை அதற்கு அதிகம் வரவில்லை. சிறுநீரைக் கெட்டியாக்கி, தண்ணீரை உடம்புக்குள்ளேயே மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் அதற்கு வாய்த்திருக்கிறது. தாக உணர்ச்சி குறைவு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு நாம் பாக்கெட்டிலிருந்து மொறுமொறுவென்று கொட்டும் உலர் உணவைத் தின்கிறது, அதில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் தேவை, அதாவது நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி. இது உணவில் வருவதையும் சேர்த்துத்தான். உலர் உணவு 50 கிராம் தின்றால் கிடைப்பது 5 மில்லி. மிச்சம் அத்தனையையும் நாக்கால் நக்கித்தான் குடித்தாக வேண்டும். 85 கிராம் வெட் ஃபுட் பாக்கெட் ஒன்றிலோ 65 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. வேகவைத்த மீனிலும் கோழியிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

அதனால் செலவு செய்யும் முன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஃபவுண்டனை விட ஈரமான உணவுதான் பெரிய மாற்றத்தைத் தரும். ஃபவுண்டன் வைத்தால் எல்லாப் பூனையும் கூடுதலாகக் குடிக்கும் என்பதும் இல்லை, சில பூனைகள் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் விலகிப் போகும், சில பூனைகளுக்குக் கிண்ணமே போதும். உங்கள் பூனை எந்த ரகம் என்பதை ஒரு பைசா செலவில்லாமல் கண்டுபிடித்துவிடலாம்.

வாங்கும் முன் ஒரு வாரம்

முதலில் அளந்து பாருங்கள். காலையில் கிண்ணத்தில் சரியாக 500 மில்லி ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளக்கும் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். கோடையில் ஆவியாகப் போவதும் இருக்கிறது, அதனால் அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தை அதே அளவு தண்ணீரோடு பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து சராசரியை எழுதி வையுங்கள். அப்புறம் உதவும்.

அடுத்து, அது எங்கே குடிக்கிறது என்று கவனியுங்கள். பாத்ரூம் குழாய் சொட்டும்போது ஓடிப் போய் நிற்கிறதா? குடிக்கும் முன் காலால் தண்ணீரைத் தட்டிப் பார்க்கிறதா? இரண்டும் இருந்தால் ஃபவுண்டன் பிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பூனைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் இருக்கும் பொருள் தெளிவாகத் தெரியாது. அசையாத தண்ணீரின் மேல்மட்டம் எங்கே என்று காலை விட்டுப் பார்க்கும் பூனைகள் அதனால்தான் அப்படிச் செய்கின்றன என்று நான் நினைக்கிறேன். அசையும் தண்ணீரில் அந்தச் சிரமம் இல்லை. கிட்டு சமையலறைக் குழாய்க்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பான். எங்கள் இன்னொரு பூனை பட்டு வாய் அகன்ற பழைய எவர்சில்வர் பேசினைத் தவிர எதையும் தொட மாட்டாள், இன்றுவரை அவளுக்கு அந்தப் பேசின்தான்.

இதே வாரத்தில் கிண்ணத்தையும் மாற்றிப் பாருங்கள். உணவுத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள், மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், விளிம்பு வரை நிரப்புங்கள். இதிலேயே 50 மில்லி கூடிவிட்டால் உங்களுக்கு ஃபவுண்டன் தேவையே இல்லாமல் போகலாம்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள். எதைப் பார்ப்பது?

பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா, பீங்கானா என்பதுதான் முதல் கேள்வி. பிளாஸ்டிக் மலிவு, எடை குறைவு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழும், அந்தக் கீறலுக்குள் கிருமி குடியேறும், அப்புறம் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. பூனையின் தாடையில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள் வந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது தாடைப் பரு. பிளாஸ்டிக் பாத்திரத்தை மாற்றிப் பாருங்கள் என்றுதான் டாக்டர்கள் முதலில் சொல்வார்கள். எங்கள் முதல் ஃபவுண்டன் பிளாஸ்டிக், கிட்டுவுக்கு ஒரு மாதத்தில் தாடையில் புள்ளி வந்தது.

பீங்கான் அழகு, கனம், பூனை தள்ளினாலும் நகராது. விளிம்பு உடைந்தால் அல்லது உட்பூச்சில் விரிசல் விட்டால் பிளாஸ்டிக்குக்குச் சொன்ன அதே தொல்லைதான். நான் எவர்சில்வர் பக்கம். வாங்கும்போது விவரத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ஸ்டீல் ஃபவுண்டன் என்று விற்கும் பலவற்றில் மேல் தட்டு மட்டும்தான் ஸ்டீல், தண்ணீர் நிற்கும் தொட்டி பிளாஸ்டிக். தண்ணீர் படும் இடம் எல்லாம் 304 தர ஸ்டீலா (சமையல் பாத்திரங்களுக்குப் பயன்படும் எவர்சில்வர் ரகம்) என்று பாருங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ஓடும் தண்ணீர் தானாகவே சுத்தமாக இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், நானும் அப்படித்தான் நம்பி வாங்கினேன். பூனையின் எச்சில், முடி, உணவுத் துணுக்கு எல்லாம் அதே இரண்டு லிட்டருக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்று நான்கு நாளில் தொட்டியின் உட்பக்கத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும், அது கிருமிகள் கட்டிய படலம். ஃபில்டர் அதைத் தடுக்காது. கழுவாத ஃபவுண்டனை விட தினமும் அலசி நிரப்பும் சாதாரணக் கிண்ணம் எவ்வளவோ மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் கடையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் கழற்றிப் பாருங்கள். ஆன்லைன் என்றால் யாராவது அதைப் பிரித்துக் கழுவும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். மொத்தம் எத்தனை பாகம்? நான்கைந்துக்கு மேல் போனால் இரண்டாவது மாதமே சலித்துவிடும். உங்கள் கை முழுதாகத் தொட்டிக்குள் போகுமா? விரல் நுழையாத மூலை, கழற்ற முடியாத குழாய், பூ வடிவத்தில் சந்து சந்தாக இருக்கும் மேல்பாகம், இவை இருந்தால் வேண்டாம். எங்கள் முதல் ஃபவுண்டனில் தண்ணீர் மேலேறும் குழாய் உடம்போடு ஒட்டியே இருந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே வழியில்லை. ஒருநாள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தேன், கறுப்பாக வந்தது. பரணுக்குப் போனது அன்றைக்குத்தான்.

மேல்பாகத்தின் வடிவத்தையும் பாருங்கள். பூனை நாக்கைக் கரண்டியாக வளைத்து அள்ளுவதில்லை. நாக்கின் நுனியைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொட்டு வேகமாக மேலே இழுக்கிறது, கூடவே எழும்பும் தண்ணீர்த் தூண் விழுவதற்குள் வாயை மூடிவிடுகிறது. ஒரு விநாடிக்குச் சுமார் நான்கு தடவை. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வேகமான கேமராவில் படம் பிடித்து 2010இல் சயன்ஸ் இதழில் இதை விளக்கினார்கள். ஒரு தடவை நக்கினால் கிடைப்பது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படிக் குடிக்கும் பிராணிக்கு அமைதியான, அகலமான நீர்ப்பரப்பு வசதி. மேலே ஒரு அகன்ற தட்டு, அதில் மெல்லக் குமிழ்ந்து வழியும் தண்ணீர், பக்கத்தில் வேண்டுமானால் மெல்லிய தாரை, இப்படி இரண்டு விதமும் இருப்பது புதிதாக வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பான தேர்வு. உயரத்திலிருந்து சலசலவென்று கொட்டும் வகையில் தண்ணீர் தெறிக்கும், தரை நனையும், பயந்த பூனை பக்கத்தில் வராது.

அந்தத் தட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், அப்போதும் தட்டில் தண்ணீர் தங்க வேண்டும். மோட்டார் நின்றதும் எல்லாத் தண்ணீரும் உள்ளே இறங்கி, பூனை வெறும் தட்டை நக்கும் மாதிரி அமைந்த ஃபவுண்டன்கள் இருக்கின்றன. நாம் வேலைக்குப் போயிருக்கும் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால்? பவர் பேங்கில் மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், குறைந்த கரண்ட் இழுக்கும் கருவி என்றால் சில பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். எது எப்படியானாலும் ஒரு கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் வைத்திருங்கள்.

மோட்டார், வயர், சத்தம்

பெரும்பாலும் 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடும் மோட்டார்தான் வருகிறது, சுமார் 2 வாட். ஒரு மாதம் முழுக்க ஓடினாலும் ஒன்றரை யூனிட் ஆகாது, கரண்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம். அடாப்டர் கூட வராமல் வயர் மட்டும் வரும், பழைய போன் சார்ஜர் போதும். மீன் தொட்டி மோட்டாரை வைத்து வீட்டிலேயே செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் மோட்டாரைப் பூனை நாக்கை நீட்டும் தண்ணீரில் வைக்கவே வைக்காதீர்கள், வயரைக் கடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 5 வோல்ட் வயராக இருந்தாலும் கடிக்கிற பூனைக்கு மேலுறை ஒன்று சுற்றிவிடுங்கள். வயர் பிளக் பாயிண்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், வயர் வழியே தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும் வசதி இருந்தால் நல்லது. வறண்டு ஓடும் மோட்டார் சீக்கிரம் எரிந்துபோகும். அதே மோட்டார் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள், மோட்டார் போனதும் முழு ஃபவுண்டனையும் தூக்கிப் போடும்படி இருக்கக் கூடாது. தொட்டிக்குள் வயரே இல்லாத மோட்டார் கொண்டவையும் வந்திருக்கின்றன, கழுவுவதற்கு அவை உண்மையிலேயே சுலபம்.

சத்தம் நமக்கு ஹாலில் கேட்காது, பூனைக்குக் கேட்கும். புதிதில் அமைதியாக இருந்து பிறகு உறும ஆரம்பித்தால் ஒன்று தண்ணீர் குறைந்திருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் விசிறியில் முடி சுற்றியிருக்கும். நீல விளக்கு எரியும் மாடல் வாங்கினால் விளக்கை அணைக்கத் தனி பட்டன் இருக்க வேண்டும்.

கொள்ளளவு ஒரு பூனைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். பெரிய தொட்டி வாங்கினால் அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பது தப்புக் கணக்கு.

ஃபில்டர் கணக்கு

விலையைப் பார்க்கும்போது ஃபவுண்டன் விலையோடு ஒரு வருட ஃபில்டர் விலையையும் கூட்டிப் பாருங்கள். கார்பன் ஃபில்டரை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதாவது வருடத்துக்குக் குறைந்தது பதின்மூன்று. மலிவான ஃபவுண்டன், ஆனால் அதற்கென்றே தனி வடிவத்தில் விலை கூடிய ஃபில்டர் என்றால் ஒரே வருடத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். சாதாரண வட்ட வடிவ ஃபில்டர் பொருந்துவதாக இருந்தால் எங்கும் கிடைக்கும்.

மோட்டாரைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் முடியைப் பிடிக்கிறது, கார்பன் குளோரின் வாடையை எடுக்கிறது, சிலவற்றில் இருக்கும் ரெசின் தண்ணீரின் கடினத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. கிருமியைக் கொல்வது இவற்றின் வேலை இல்லை. புது ஃபில்டரைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, கறுப்புத் தூள் வருவது நிற்கும் வரை அலசிவிட்டுப் போடுங்கள்.

நீங்கள் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் அதை ஊற்றினால் பத்து நாளில் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் படியும், மோட்டாரும் இறுகும். நாங்கள் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். பால், சூப் எதையும் ஃபவுண்டனில் ஊற்றாதீர்கள். கோழி வேகவைத்த தண்ணீர் கொடுக்க ஆசையாக இருந்தால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்.

வந்தாகிவிட்டது, எங்கே வைப்பது, எப்படிப் பழக்குவது

சுவர் மூலையில் திணித்து வைக்காதீர்கள். குடிக்கும்போது அறைக்கு முதுகைக் காட்டி நிற்பது பூனைக்குப் பிடிக்காது, யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் அதற்கு. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, நடமாட்டம் குறைந்த இடம், நேரடி வெயில் படாத இடம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் மோட்டாரைப் போடாமல் வெறும் தண்ணீர் நிரப்பி வையுங்கள், பூனை முகர்ந்து பார்க்கட்டும். பிறகு மிகக் குறைந்த வேகத்தில் போடுங்கள். பழைய கிண்ணத்தை எடுத்துவிட்டால் வேறு வழியில்லாமல் குடிக்கும் என்ற யோசனை மட்டும் வேண்டாம், குடிக்காமலேயே கிடந்து உடம்புக்கு வந்துவிடும். கிட்டு நான்காம் நாள் வந்தான். இரண்டு வாரம், மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் பூனைகளும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் ஒன்று ஃபவுண்டனைக் காவல் காத்து மற்றதை விரட்டும், அதனால் வேறொரு அறையிலும் தண்ணீர் இருக்கட்டும்.

கழுவும் முறை

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கழுவுங்கள். நம் ஊரில் தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடுகிறது, அதனால் ஊருக்குப் போகும்போது அணைத்துவிட்டுத் தண்ணீரோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். தொட்டியையும் தட்டையும் பாத்திரம் கழுவும் சோப்பும் மெத்தென்ற ஸ்பாஞ்சும் வைத்துத் தேயுங்கள், கம்பி நார் வேண்டாம், கீறிவிடும். எலுமிச்சை வாடை தூக்கலாக அடிக்கும் சோப்பும் வேண்டாம், பூனைகளுக்குப் பொதுவாக அந்த வாசனை ஆகாது. சோப்பு வாடை கொஞ்சமும் இல்லாமல் அலசுங்கள்.

மோட்டாரை மறந்துவிடுபவர்கள் அதிகம். அதன் முன்மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வரும், உள்ளே காந்தத்தோடு ஒரு சின்ன விசிறி இருக்கும், மெல்ல இழுத்தால் அதுவும் வரும். அந்தக் குழிக்குள்தான் முடியும் வழுவழுப்பும் சேர்ந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் பஞ்சுக் குச்சியும் போதும். மாதம் ஒருமுறை, வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து எல்லாப் பாகத்தையும் இருபது நிமிடம் ஊறவைத்தால் உப்புப் படிவு விட்டுவிடும். பிறகு நன்றாக அலசுங்கள்.

ஃபினாயில், டெட்டால் மாதிரியான கிருமிநாசினிகளை இதில் தொடவே தொடாதீர்கள். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஃபவுண்டன் இருக்கும் இடத்தின் தரையை ஃபினாயில் ஊற்றித் துடைப்பதையும் நிறுத்திவிடுங்கள், ஈரத்தில் நடந்த காலை நக்கித்தான் பூனை சுத்தம் செய்யும்.

அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தால்

ஃபவுண்டன் வந்த பிறகு கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பது நல்லதுதான், மணல் தட்டில் சிறுநீர் பட்டுச் சேரும் கட்டிகள் பெரிதாவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் இரண்டு லிட்டர் தொட்டியில் எவ்வளவு குறைகிறது என்பது கண்ணில் படாது. அதனால் ஊற்றும்போது அளந்து ஊற்றுங்கள், மாதத்தில் இரண்டு நாளாவது மிச்சத்தை அளந்து பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிக் குடிக்கிறது, அல்லது பல மாதங்களாக ஒரே அளவில் குடித்த பூனை திடீரென்று இரண்டு மடங்கு குடிக்கிறது என்றால் அது ஃபவுண்டன் பிடித்துப்போனதால் இல்லை. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, தைராய்டு என்று எதுவும் இருக்கலாம், வயதான பூனை என்றால் இன்னும் சீக்கிரமாகப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது ஃபவுண்டன் வாங்கும் முன் எழுதி வைத்தீர்களே, அந்த மூன்று நாள் சராசரி, அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.